அறுபத்தோராம் பக்கம்

ஒரு ஆளைப் பழிவாங்குவதற்காகவே நாற்பத்து மூன்று வயதில் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்தவள் நான். விண்ணப்பக் கட்டுரையில் நீதி, சேவை என்றெல்லாம் எழுதினேன். எல்லாரும் எழுதுவதுதான். எழுதும்போது மனதில் இருந்தது வெண்டல் ஃபென்விக் என்கிற வக்கீலின் முகம் மட்டுமே.

என் பெயர் மார்லா ஷிமான்ஸ்கி. நீதிமன்றச் சுருக்கெழுத்துக்காரி. வக்கீல் கேட்பதையும் சாட்சி சொல்வதையும் ஒரு சின்ன மெஷினில் அப்படியே அடித்து, பிறகு அச்சிட்டு, 'இது உண்மையான பதிவு' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஓஹாயோவில் எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் பதினோரு வருடம் நிரந்தர வேலையில் இருந்தேன். ஃபென்விக் வந்து அதில் மண்ணைப் போட்டார்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு விபத்து வழக்கில், நீதிபதியின் அறையில், தன் கட்சிக்காரரான கம்பெனியின் பராமரிப்புக் குறிப்பேட்டை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைப்பதாக ஃபென்விக் வாக்குக் கொடுத்தார். நான் அடித்தேன். வெள்ளிக்கிழமை வந்தது, குறிப்பேடு வரவில்லை. கேட்டபோது, அப்படி ஒரு வாக்கே தான் கொடுக்கவில்லை, சுருக்கெழுத்துக்காரி தப்பாக அடித்துவிட்டாள் என்று சொல்லிவிட்டார். எதிர்த் தரப்பு வக்கீல் என் பக்கம்தான் பேசினார். ஆனால் தோற்கிற பக்கத்து ஆள் அப்படித்தானே பேசுவார் என்று யாரும் காதில் வாங்கவில்லை. அந்த அறையில் ஒலிப்பதிவுக் கருவி பழுதாகி மாதக்கணக்கில் கிடந்தது. மிச்சம் இருந்த ஒரே சாட்சி நீதிபதி. அவர் அந்த நேரத்தில் நாற்காலியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்கினேன் என்று எந்த நீதிபதி சொல்வார்? ஃபென்விக் சொன்னதுதான் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு வேலை போயிற்று. காரணம்: பிழையான பதிவு.

சுருக்கெழுத்துக்காரிக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. திருடி என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

அதன்பின் ஒன்பது வருடம் தனியாளாக, வக்கீல் அலுவலகம் அலுவலகமாக மெஷினைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஃபென்விக்கின் அலுவலகத்துக்கும் போனேன். போகாமல் முடியாது. எங்கள் ஊரில் இன்ஷூரன்ஸ் வழக்குகளில் பாதி அவர் கையில்தான். போகும்போதெல்லாம், "வாம்மா மார்லா, காது இப்ப நல்லாக் கேக்குதா?" என்பார். அறையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வரும் வழியில் காரில் தனியாகக் கத்துவேன்.

அப்படிக் கத்திக்கொண்டு வந்த ஒரு நாளில்தான், இந்த ஆளுக்கு எதிரே மேசைக்கு அந்தப் பக்கம் வக்கீலாக உட்கார வேண்டும் என்று தோன்றியது. எங்கள் நகரத்துச் சட்டக் கல்லூரியில் வேலைக்குப் போகிறவர்களுக்கென்று மாலை வகுப்பு உண்டு. மறுநாளே நுழைவுத் தேர்வுப் புத்தகம் வாங்கினேன்.

முதல் மாதிரித் தேர்வில் நூற்று நாற்பத்து மூன்று. அந்தத் தேர்வில் பெயரை எழுதிவிட்டுத் தூங்கினாலே நூற்று இருபது கொடுப்பார்கள்; உச்சம் நூற்றெண்பது. என் கணவன் ரே, பழுதான கார்களை இழுத்துப் போகும் வண்டி ஓட்டுகிறவன். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தான்.

"ஒன் வயசும் நாப்பத்து மூணு, மார்க்கும் நாப்பத்து மூணு. பொருத்தமாத்தான் இருக்கு."

"நூறை விட்டுட்டியே, குருடா."

"நூறு வயசு வரைக்கும் படிக்கறதா உத்தேசமா?"

புத்தகத்தை அவன்மேல் விட்டெறிந்தேன். பிடித்துக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தை வைத்து அடுத்த பகுதிக்கு நேரம் பார்த்தான். அதுதான் ரே.

குறை எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. இருபது வருடமாக என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது, கேட்பதைப் புரிந்துகொள்ளாதே என்பதைத்தான். சொல் காதில் விழ வேண்டும், விரலில் இறங்க வேண்டும், நடுவில் மூளைக்கு வேலையில்லை. யோசித்தால் பின்தங்கிவிடுவோம். தேர்விலோ யோசிக்கத்தான் வேண்டும். பாராவைப் படித்து முடித்தால் ஒரு எழுத்து விடாமல் ஒப்பிப்பேன். என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் முழிப்பேன்.

கடைசியில் ஃபென்விக்தான் எனக்கு வாத்தியாரானார். 'கீழ்க்கண்ட வாதத்தில் உள்ள ஓட்டை என்ன?' என்று கேள்வி வரும். அந்த வாதத்தை ஃபென்விக் பேசுவதாக நினைத்துக்கொள்வேன். அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, மோவாயைத் தூக்கி, அந்த வழவழப்பான குரலில் சொல்கிறார். உடனே ரத்தம் சூடாகும், ஓட்டை பளிச்சென்று தெரியும். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் இருபது கேள்வி, மதியம் ஏரிக்கரையில் காரை நிறுத்தி ஹீட்டரைப் போட்டுக்கொண்டு சாண்ட்விச்சும் கையுமாக இருபது கேள்வி. ஒவ்வொன்றிலும் அவரைத் தோற்கடித்தேன். நவம்பரில் நிஜத் தேர்வு எழுதினேன். நூற்று நாற்பத்து ஒன்பது. போதாது. ஏப்ரலில் திரும்ப எழுதப் பதிவு செய்தேன்.

பிப்ரவரி முதல் வாரம், ஃபென்விக் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் ஒரு வாக்குமூலம். வழக்கு நீதிமன்றம் ஏறுமுன் சாட்சியிடம் சத்தியம் வாங்கி வக்கீல்களே விசாரிப்பது அது; நீதிபதி இருக்க மாட்டார். கூரையிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்த கர்டிஸ் போமன் என்கிற தொழிலாளி, வேலைக்கு வைத்த கம்பெனி மீது வழக்குப் போட்டிருந்தார். கம்பெனிக்கு ஃபென்விக். கர்டிஸுக்கு ஒடெஸ்ஸா டில்மன், சின்சினாட்டியிலிருந்து போன வருடம்தான் எங்கள் ஊருக்கு வந்த வக்கீல். நான் அடிக்க அடிக்க எழுத்துகள் டில்மனின் கணினித் திரையில் ஓடும். ஃபென்விக்குக்கு அந்தத் திரையெல்லாம் பிடிக்காது. வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

காப்பி இடைவேளையில் டில்மன் கர்டிஸை வெளியே அழைத்துப் போயிருந்தார். என் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த புத்தகத்தை ஃபென்விக் கேட்காமலே உருவி எடுத்தார்.

"என்னம்மா மார்லா இது? லா காலேஜா? உனக்கா?"

"ஆமா சார்."

"இந்த வயசுலயா! நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்து, அவன் ஜட்ஜாவே ஆயிடுவான்மா." சிரித்தார். பிறகு அக்கறையாகக் கேட்கிற மாதிரி குனிந்தார். "அந்த விண்ணப்பத்துல ஒரு கேள்வி இருக்குமே. எப்பவாவது வேலையிலேர்ந்து நீக்கப்பட்டிருக்கீங்களா, காரணம் என்னன்னு. அதுக்கு என்ன எழுதப் போறே?"

அந்தக் கேள்வி இருந்தது. நான்கு மாதமாக அதற்குக் கீழே இருந்த காலியிடத்தைப் பார்த்துப் பார்த்து மூடிவைத்துக்கொண்டிருந்தேன். 'பிழையான பதிவு' என்று எழுதினால் எந்தக் கல்லூரி எடுக்கும்? அவர் பொய் சொன்னார் என்று எழுதினால் யார் நம்புவார்கள்?

"உண்மையை எழுதுவேன் சார்."

"உண்மை ஜட்ஜ் கையெழுத்தோட கோர்ட்டுல இருக்கும்மா," என்று புத்தகத்தை மேசையில் போட்டார்.

மற்றவர்கள் வந்தார்கள், வாக்குமூலம் தொடர்ந்தது. கர்டிஸ் அசையவில்லை. பாதுகாப்புக் கயிறு கேட்டேன், கொடுக்கவில்லை என்று எப்படித் திருப்பிக் கேட்டாலும் அதையே சொன்னார். ஃபென்விக்குக்குச் சலித்துவிட்டது.

"பதிவை நிறுத்தும்மா," என்று என் பக்கம் கையை ஆட்டிவிட்டு எழுந்து, மூலையில் இருந்த காப்பி மேசைக்குப் போனார். முதுகு எங்கள் பக்கம்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு வக்கீல் சொன்னால் பதிவு நிற்காது. இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஃபென்விக் மாதிரி முப்பத்தைந்து வருட ஆள் சொன்னால், எதிர்த் தரப்பு மரியாதைக்குத் தலையாட்டும், எங்கள் கை தானாக மடிக்குப் போய்விடும். அவர் திரும்பிப் பார்த்துப் பழகியதே இல்லை.

நான் டில்மனைப் பார்த்தேன். அவர் லேசாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். என் விரல்கள் விசைகளின் மேலேயே இருந்தன. மெஷின் சத்தம் போடாது.

'சார், பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்ல சுருக்கெழுத்துக்காரி சொல்வாள். வேறு யாராக இருந்தாலும் நானும் சொல்லியிருப்பேன். சொல்லவில்லை.

"கர்டிஸ், உன் பொண்டாட்டி எங்கப்பா வேலை பாக்கறா? லாண்டரியிலதானே?" ஃபென்விக் காப்பி ஊற்றிக்கொண்டே பேசினார். "அது யாரோட லாண்டரி தெரியுமா? உன்னைக் கூரையில ஏத்தின அதே முதலாளியோடது. நீ கோர்ட் வரைக்கும் போனா, அவ அடுத்த திங்கக்கிழமை வேலைக்குப் போவாளான்னு என்னால சொல்ல முடியாது. மிரட்டறேன்னு நெனச்சுக்காதப்பா. சும்மா சொல்றேன்."

கர்டிஸின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஃபென்விக், ரூம்ல சுருக்கெழுத்துக்காரங்க இருக்காங்க. பாத்துப் பேசுங்க," என்றார் டில்மன்.

"யாரு, மார்லாவா?" அவர் சர்க்கரையைத் தேடிக்கொண்டிருந்தார். "டில்மன், நீங்க ஊருக்குப் புதுசு. ஒன்பது வருஷம் முன்னாடி நான் ஜட்ஜ் ரூம்ல சொன்னதை இந்தம்மா சொன்னபடியே அடிச்சாங்க. ஒரு வார்த்தை தப்பில்ல. நான் போய், அப்படிச் சொல்லவே இல்லைன்னேன். யாருக்கு வேலை போச்சு? எனக்கா? கேளுங்க, பக்கத்துலதானே இருக்காங்க."

ஒரு வார்த்தை தப்பில்ல. அதை நான் அடித்தேன். என் விரலால், அவர் வாயிலிருந்து. ஒன்பது வருடம் காரில் தனியாகக் கத்தியதற்கெல்லாம் பதில் அது. அந்த வேலை போனதிலிருந்து நான் ஒன்றுக்கு இரண்டாக ஒலிப்பதிவுக் கருவிகளோடுதான் எங்கும் போகிறேன். இரண்டிலும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கோப்பையோடு திரும்பியவர் என் விரல்களைப் பார்த்தார்.

"ஏம்மா, பதிவை நிறுத்தச் சொன்னேனே?"

"நீங்க சொன்னீங்க சார். அவங்க ஒத்துக்கலையே."

அந்த இரண்டு வரியையும் அடித்தேன். அறுபத்தோராம் பக்கம் அங்கே முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபென்விக் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் போலந்துக்காரர் பேக்கரியிலிருந்து வாங்கிய ஒரு பெட்டி நிறைய போன்ச்கி, தவக்கால நோன்புக்கு முன்னால் எங்கள் ஆட்கள் மூச்சுமுட்டத் தின்கிற ஜாம் வைத்த பணியாரம். ஷிமான்ஸ்கி என்கிற என் போலந்துப் பெயரைப் பார்த்து வாங்கி வந்திருக்கிறார். ரே கதவைத் திறந்து, பெட்டியை வாங்கிக்கொண்டு, ஆளை நிற்கவைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"ஜாம் நல்லாத்தான் இருக்கு. கொண்டு வந்த ஆளுதான் சரியில்ல. உள்ள விடவா?"

"விடு."

சமையலறை மேசையில் மாதிரித் தேர்வுத் தாள்கள் பரப்பியிருந்தன. ஃபென்விக் அவற்றை அன்பாகப் பார்த்தார்.

"மார்லா, நான் சுத்தி வளைக்கல. அந்த ஒரு பக்கம். பதிவை நிறுத்தினதா நெனச்சுத்தான் பேசினேன். நீ இன்னும் கையெழுத்துப் போடலியே. அது இல்லாமலே பிரதி போகலாம்."

"டில்மன் திரையில பாத்தாங்களே சார்."

"திரையில ஓடினதுக்கு மதிப்பில்ல. உன் கையெழுத்துதான் பதிவு. அது உனக்கும் தெரியும்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காலேஜ் பழைய மாணவர் சங்கத்துக்கு நான் தலைவர். சேர்க்கைக் குழுவுல மூணு பேர் எனக்கு வேண்டியவங்க. பழைய விஷயத்துக்கும் நானே ஒரு கடிதம் தர்றேன். மார்லா நேர்மையான பொண்ணு, அன்னிக்கு ஏதோ புரிதல் கோளாறு, அவங்க மேல தப்பில்லைன்னு. ஆகஸ்ட்ல நீ வகுப்புல உக்காந்திருப்பே."

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஆசை வந்தது. அந்தக் காலியிடத்தில் வைத்து ஒட்ட ஒரு கடிதம். ஏப்ரல் தேர்வில் எவ்வளவு வருமோ தெரியாது. இவர் ஒரு போன் போட்டால் போதும். ரே வாயில் இருந்ததை மெல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கடிதத்துல, நீங்க பொய் சொன்னீங்கன்னு எழுதுவீங்களா சார்?"

"அதெப்படிம்மா எழுத முடியும்?"

"அப்ப வேண்டாம். அந்த வரி ஏற்கெனவே எங்கிட்ட இருக்கு."

அவர் முகத்திலிருந்து அன்பெல்லாம் வடிந்தது. எழுந்தார். "இந்த ஊர்ல இனிமே ஒரு வக்கீலும் உன்னைக் கூப்பிட மாட்டான். காலேஜும் கிடைக்காது. யோசிச்சுக்கோ."

"யோசிக்கறதுக்குத்தான் ஆறு மாசமா படிச்சிட்டிருக்கேன் சார்."

அவர் வண்டி கிளம்பும் வரை ரே ஜன்னலில் நின்றான். "பெட்டியத் திருப்பித் தரணுமா?" என்றான். வேண்டாம் என்றேன். திங்கட்கிழமை காலை முதல் வேலையாகக் கையெழுத்துப் போட்டுப் பிரதியை இரு தரப்புக்கும் அனுப்பினேன். அந்தக் கையெழுத்தை இவ்வளவு அழகாக நான் எப்போதும் போட்டதில்லை.

ஃபென்விக் சொன்னதைச் செய்தார். மார்ச்சில் எனக்கு இரண்டே வாக்குமூலம்தான் வந்தது, இரண்டும் டில்மன் கொடுத்தது. ஏப்ரலில் அதுவும் இல்லை. ரே கூடுதல் நேரம் வண்டி ஓட்டினான். வேலை இல்லாததால் நாள் முழுக்கப் படித்தேன். அந்த மனிதர் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது. தேர்வில் நூற்று ஐம்பத்தெட்டு வந்தது.

அதற்குள், ஃபென்விக் சாட்சியை மிரட்டியதாக டில்மன் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அந்தப் பக்கத்தையும் சேர்த்துத் தாக்கல் செய்துவிட்டார். தாக்கல் ஆனால் அது ஊர் சொத்து. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அன்று பிற்பகலே நீதிமன்ற முத்திரையோடு ஒரு பிரதி வாங்கினேன். விண்ணப்பத்தின் அந்தக் காலியிடத்தில் ஒரே வரி எழுதினேன்: 'ஆம், நீக்கப்பட்டேன்; காரணம் இணைக்கப்பட்டுள்ள பக்கத்தில் வக்கீல் வெண்டல் ஃபென்விக்கின் வாயாலேயே இருக்கிறது.' அவருக்கு வேண்டிய அந்த மூன்று பேரும் அதைப் படித்தாக வேண்டும் என்று நினைக்கவே இனித்தது.

ஜூனில் பதில் வந்தது. காத்திருப்போர் பட்டியல். ஜூலையில் ஒன்றும் வரவில்லை. ரே தபால்பெட்டியைத் திறந்துவிட்டு வெறுங்கையோடு வந்து கை கழுவிக்கொள்வான். எனக்கு ஃபென்விக் போன் போடுகிற காட்சி கண்ணில் நின்றது.

நவம்பரில் அந்த மிரட்டல் விஷயமாக வக்கீல்கள் ஒழுங்கு விசாரணைக் குழு என்னைச் சாட்சியாக அழைத்தது. மூன்று பேர் உயரமான மேசையில். ஃபென்விக் கீழே தன் வக்கீலோடு. எனக்கு எதிரே மெஷினோடு ஒரு சுருக்கெழுத்துக்காரி, சின்னப் பெண், தெரியாத முகம். இருபது வருடத்தில் என் பேச்சை வேறொருத்தி அடிப்பது அன்றுதான். சத்தியம் செய்தேன். குழுத் தலைவர் என் பெயரைக் கேட்டார், சொன்னேன்.

"தொழில்?"

"பகல்ல சுருக்கெழுத்து. சாயந்திரம் சட்டக் கல்லூரி, முதல் வருஷம்."

ஃபென்விக் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அதுவரை தெரியாது. ஆகஸ்ட் பத்தாம் தேதிதான் எனக்கே தெரியும். வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது கூப்பிட்டார்கள். அவர் முகம் போன போக்கை நான் அவசரப்படாமல் பார்த்தேன்.

அவருடைய வக்கீல் கெட்டிக்காரர். குரலை உயர்த்தவே இல்லை.

"பதிவு ஓடிட்டிருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இல்லையா?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"அவர் பேசி முடிக்கட்டும்னுதான்."

"அதாவது, பழிவாங்க."

"ஆமா."

அறையில் நாற்காலிகள் நகர்ந்தன. அவர் குழுவின் பக்கம் திரும்பி, இனி என்ன இருக்கிறது என்பது போலக் கையை விரித்தார். "எனக்கு வேற கேள்வி இல்ல."

"நான் இன்னும் முடிக்கல," என்றேன். தலைவர் சொல்லச் சொன்னார். சின்னப் பெண்ணுக்குச் சிரமம் வேண்டாம் என்று நிதானமாகவே சொன்னேன். "எனக்கு இவர் மேல ஒன்பது வருஷ வன்மம். மறைக்கல. என் மனசு கெட்டதுன்னே எழுதிக்கோங்க. ஆனா அந்தப் பக்கத்துல நான் பேசினது ஒரே ஒரு வரி, டில்மன் பேசினது ஒரு வரி. மத்ததெல்லாம் அவர் பேசினது. நான் நல்லவளா இருந்தாலும் அதைத்தான் பேசியிருப்பார்."

ஃபென்விக் பாதி எழுந்து, "இந்தப் பதிலை நீக்கணும்," என்றார். தலைவர் அவரைப் பார்க்காமலே சொன்னார்: "உக்காருங்க. பதிவுல இருக்கட்டும்."

ஃபென்விக்குக்கு இரண்டு வருடம் வக்கீல் தொழில் செய்யத் தடை விதித்தார்கள். கர்டிஸின் வழக்கைக் கம்பெனி சமரசத்துக்குக் கொண்டுவந்தது. அவர் மனைவி இன்னும் அந்த லாண்டரியில்தான் இருக்கிறாள். இப்போது அவளிடம் எல்லாரும் மரியாதையாகப் பேசுகிறார்களாம்.

திரும்பி வரும்போது ரே கேட்டான், "போதுமா மார்லா? மனசு ஆறிச்சா?"

ஆறவில்லை. மாலை வகுப்பில் படிப்பு நான்கு வருடம். நான் வக்கீலாகும்போது அவருக்கு அறுபத்தேழு ஆகியிருக்கும். தடை முடிந்து திரும்பி வந்திருப்பார். அதற்குள் ஓய்வு பெற்றுவிடக் கூடாது, நோய்நொடி எதுவும் அண்டக் கூடாது, மூளை கூர்மையாக இருக்க வேண்டும். ஞாயிறு தவறாமல் சர்ச் பூசையில் முழங்கால் போட்டு, வெண்டல் ஃபென்விக்கின் உடல்நலத்துக்காக மனமுருகி ஜெபிக்கிறேன்.